எலீ சாப்பும் சிவப்புக் கம்பள கவுன்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலீ சாப் யார்?

லெபனானைச் சேர்ந்த ஆடை வடிவமைப்பாளர். 1964 ஜூலை 4 அன்று பிறந்தவர். சொந்த ஊர் பெய்ரூட்டுக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் தாமூர். மாலை விருந்து, திருமணம், விருது விழா போன்ற நிகழ்வுகளுக்கான தரை தொடும் கவுன்கள்தான் இவருடைய அடையாளம். மெல்லிய வலைத்துணி, அதன் மேல் நெருக்கமான மணி வேலை, இடுப்பை இறுக்கிப் பிடித்துவிட்டுக் கீழே தாராளமாக விரியும் பாவாடை: இந்த மூன்றையும் ஒரே உடையில் பார்த்தால், பெயர் தெரியாமலேயே "இது எலீ சாப்பாக இருக்கும்" என்று ஊகிக்கலாம். பல நேரம் ஊகம் சரியாகவே இருக்கும்.

ஃபேஷன் கல்லூரியில் படித்தவரா?

அப்படிச் சொல்ல முடியாது. தையலைத் தானாகவே கற்றுக்கொண்டவர். சிறுவயதில் வீட்டுத் திரைச்சீலையையும் மேசை விரிப்பையும் வெட்டித் தைத்து, சகோதரிகளுக்கு உடுத்திப் பார்த்த கதையைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1981-இல் ஃபேஷன் படிக்கப் பாரிஸ் போனார். அங்கே நிலைக்கவில்லை. ஊர் திரும்பி 1982-இல் பெய்ரூட்டில் சொந்தத் தையற்கூடத்தைத் திறந்துவிட்டார். அப்போது வயது 18.

பட்டம் இல்லாதது இவருக்குக் குறையாக அமைந்ததாகத் தெரியவில்லை. கல்லூரிக்குப் போயிருந்தால் "புதுமை" செய்தாக வேண்டும் என்ற நெருக்கடி வந்திருக்கும். இவரோ எதிரில் நிற்கும் பெண்ணுக்கு எது எடுப்பாக இருக்கும் என்ற ஒரே கேள்வியோடு வேலையைத் தொடங்கியவர். இன்றுவரை அந்தக் கேள்வியை மாற்றவில்லை.

1982 என்றால் லெபனானில் உள்நாட்டுப் போர் நடந்த காலம் அல்லவா? அந்த நேரத்தில் யார் இப்படிப்பட்ட உடை வாங்கினார்கள்?

ஆமாம், 1975-இல் தொடங்கிய போர் 1990 வரை நீடித்தது. சாப் கடை திறந்த அதே 1982-இல்தான் இஸ்ரேலியப் படை உள்ளே வந்து பெய்ரூட்டை முற்றுகையிட்டது. அவருடைய சொந்த ஊரான தாமூர் 1976 ஜனவரியிலேயே படுகொலையையும் அழிவையும் சந்தித்திருந்தது.

ஆனால் குண்டு விழும் ஊரிலும் கல்யாணம் நடக்கும். மணப்பெண்ணுக்கு உடை வேண்டும். அவள் தாய்க்கும் தங்கைக்கும் வேண்டும். அரபுலகத்தில் திருமணமும் அதைச் சுற்றிய விருந்துகளும் பெண்கள் நன்றாக உடுத்திக்கொள்ளும் பெரிய வாய்ப்பு. வெளியில் எளிமையான உடையோடு போகும் பெண்ணும் பெண்கள் மட்டும் கூடும் விருந்தில் முழு அலங்காரத்தோடு இருப்பாள். சாப்பின் முதல் வாடிக்கையாளர்கள் இந்தக் குடும்பங்களிலிருந்துதான் வந்தார்கள். லெபனானில் தொடங்கி வளைகுடா நாடுகள் வரை அவர் பெயர் பரவியது வாய்வழியாக.

பிற்காலத்தில் ஹாலிவுட் கண்ட "திடீர்" வடிவமைப்பாளர் இருபது வருடம் மணப்பெண்களின் தாய்மாரைத் திருப்திப்படுத்தியவர். அதைவிடக் கடினமான தேர்வு வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

2002 ஆஸ்கருக்கு முன்பு அவரை யாருக்கும் தெரியாது என்கிறார்களே?

அமெரிக்காவில் பலருக்குத் தெரியாது. மற்ற இடங்களில் கதை வேறு. இத்தாலியின் தேசிய ஃபேஷன் சம்மேளனம் 1997-இல் இவரைச் சேர்த்துக்கொண்டது. இத்தாலியர் அல்லாத ஒருவரை அது உறுப்பினராக்கியது அதுவே முதல்முறை. ரோம் நகரில் தன் ஆடைகளைக் காட்டினார். அடுத்து மிலானில் ஆயத்த ஆடைகள். 1999 ஜூனில் ஜோர்டான் அரசியாக ராணியா அரியணை ஏறியபோது அணிந்தது சாப் வடிவமைத்த உடை. ஆக, ஒரு நாட்டின் அரசிக்கு உடுத்திவிட்ட பிறகுதான் இவர் ஹாலிவுட்டுக்கு "அறிமுகம்" ஆனார்.

ஹாலி பெர்ரி அணிந்த கவுனில் அப்படி என்ன விசேஷம்?

முதலில் அந்த இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2002 மார்ச் 24, 74-ஆவது ஆஸ்கர் விழா, லாஸ் ஏஞ்சல்ஸின் கோடாக் அரங்கம். 'மான்ஸ்டர்ஸ் பால்' படத்துக்காகச் சிறந்த நடிகை விருது ஹாலி பெர்ரிக்கு. அந்தப் பிரிவில் வென்ற முதல் கறுப்பினப் பெண். மேடையில் அழுதுகொண்டே டோரத்தி டாண்ட்ரிட்ஜ், லீனா ஹார்ன், டயான் கேரல் என்று தனக்கு முன்னால் நடந்த நடிகைகளின் பெயர்களைச் சொன்னார். அந்தக் காட்சி எத்தனை முறை ஒளிபரப்பானதோ அத்தனை முறையும் சாப்பின் கவுனும் கூடவே ஒளிபரப்பானது.

இப்போது கவுனுக்கு வருவோம். கீழே ஆழ்ந்த சிவப்பு ஒயின் நிறத்தில் டாஃபெட்டா பட்டுப் பாவாடை. பின்னால் நீண்டு தரையில் புரளும். மேலே கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய வலைத்துணி. அதில் பூவும் இலையும் கொடியுமாக எம்பிராய்டரி, மறைக்க வேண்டிய இடத்தில் மட்டும் அடர்த்தியாக. தூரத்தில் இருந்து பார்த்தால் துணியே இல்லாமல் உடம்பின் மேல் பூக்கொடி படர்ந்தது போல இருக்கும்.

இதில் என்னைக் கவர்வது அதன் கணக்கு. சிவப்புக் கம்பளத்தில் நிற்கும்போது புகைப்படக்காரர்களுக்கு முழு உடையும் தெரியும். அங்கே பாவாடையின் அகலமும் நிறமும் பேசும். மேடையில் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றதும் கேமரா இடுப்புக்கு மேலே நெருங்கிவிடும். அங்கே பாவாடை கணக்கிலேயே இல்லை, எம்பிராய்டரி மட்டும்தான் படத்தில் இருக்கும். இரண்டு தூரத்திலும் வெவ்வேறு விதமாக வேலை செய்யும் உடைகள் குறைவு. தரையைக் கூட்டும் அழகான பாவாடைக்கு மேலே வெறும் பட்டை வைத்த கவுன்கள், விருது வாங்கும் நேரத்தில் காணாமல் போய்விடும்.

ஆஸ்கர் வென்றவருக்கு உடை வடிவமைத்த முதல் லெபனானியர் என்ற பெயரும் அன்று சாப்புக்குக் கிடைத்தது. செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து ஆறு மாதமே ஆகியிருந்தது. அரபு நாடுகளின் பெயர் அமெரிக்கச் செய்திகளில் எந்தச் சூழலில் அடிபட்டது என்று சொல்லத் தேவையில்லை. அதே நாட்களில் "பெய்ரூட்" என்ற சொல் ஓர் அழகான உடையோடு சேர்ந்து உச்சரிக்கப்பட்டது.

வலைத்துணி மட்டும் இருக்கும் மேல்பகுதி எப்படிக் கழன்று விழாமல் நிற்கிறது?

பார்வைக்கு ஒன்றும் இல்லாதது போலத் தெரிவதற்கே உள்ளே நிறைய இருக்க வேண்டும். இந்த வகை கவுன்களில் வலைத்துணியை அணிபவரின் தோல் நிறத்துக்கு ஒத்துப்போகும்படி தேர்ந்தெடுப்பார்கள். கடையில் "தோல் நிறம்" என்று விற்கப்படும் ஒற்றை நிறம் எல்லோருக்கும் பொருந்தாது. சிறிது மாறினாலும் கேமரா வெளிச்சத்தில் கழுத்தருகே ஒரு கோடு காட்டிக்கொடுத்துவிடும். பல கவுன்களில் இடுப்பிலும் மார்பிலும் வளையும் மெல்லிய சட்டங்கள் வைத்த உள்கட்டு இருக்கும். உடையின் எடை தோளில் தொங்காமல் இடுப்பில் இறங்குவது அதனால்தான்.

அடுத்தது எம்பிராய்டரி. பூக்களை அழகுக்காக மட்டும் வைப்பதில்லை. தையல் ஓரம், மடிப்பு, கொக்கி எல்லாவற்றையும் அவை மறைக்கின்றன. ஒரு கொடி இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறினால் அதன் அடியில் பெரும்பாலும் ஒரு தையல் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சிவப்புக் கம்பள உடைகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? எப்போதுமே இப்படித்தானா?

இல்லை. பழைய ஹாலிவுட்டில் பெரும்பாலும் ஸ்டுடியோவின் உடையலங்காரக்காரர்களே நடிகைகளுக்கு விழா உடையையும் பார்த்துக்கொண்டார்கள். ஸ்டுடியோக்களின் பிடி தளர்ந்ததும் சில பத்தாண்டுகள் ஆளாளுக்குக் கிடைத்ததை உடுத்தினார்கள். அதில் சில விபரீதங்களும் உண்டு.

நிலைமையைத் திருப்பியவர் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜார்ஜியோ அர்மானி. 1980-களின் இறுதியில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆள் வைத்து நட்சத்திரங்களுக்கு உடை கொடுக்க ஆரம்பித்தார். 1990 ஆஸ்கரை ஓர் ஆடைத்துறைப் பத்திரிகை "அர்மானி விருதுகள்" என்றே எழுதியது. பிறகு "யாருடைய உடை அணிந்திருக்கிறீர்கள்?" என்று நடிகைகளைத் தொலைக்காட்சியில் கேட்பது வழக்கமானது. 1995-இல் ஊமா தர்மனின் இளம் ஊதா பிராடா. 2000 கிராமி விழாவில் ஜெனிஃபர் லோபஸின் பச்சை வெர்சாச்சே (அந்தப் படத்தைத் தேடிய கூட்டத்தைப் பார்த்துத்தான் கூகுளுக்குப் படத்தேடல் யோசனையே வந்தது). 2001-இல் ஜூலியா ராபர்ட்ஸின் பழைய கருப்பு வெள்ளை வாலன்டினோ. 2002-இல் சாப் வந்து சேர்ந்தபோது மேடை தயாராக இருந்தது.

நடிகைகள் இந்த கவுன்களை விலை கொடுத்து வாங்குகிறார்களா?

பெரும்பாலும் இரவல். விழா முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இடையில் நிற்பவர் ஸ்டைலிஸ்ட். பல நிறுவனங்களிடமிருந்து உடைகளை வரவழைத்து, அணிந்து பார்த்து, கடைசி நேரத்தில்கூட மாற்றுவார். சில நிறுவனங்கள் நடிகைகளோடு ஒப்பந்தம் போட்டுப் பணமும் கொடுக்கின்றன. அதனால்தான் ஒரே நடிகை வருடக்கணக்கில் ஒரே பெயரை அணிவதைப் பார்க்கிறீர்கள். அதைக் காதல் என்று நினைத்துவிட வேண்டாம்.

2002-க்குப் பிறகு பேசப்பட்ட சாப் கவுன்கள் எவை?

அடுத்த ஆண்டே ஹாலி பெர்ரி மீண்டும் சாப் அணிந்து வந்தார், இம்முறை விருது கொடுப்பவராக. சிறந்த நடிகர் விருது வாங்க ஏட்ரியன் பிராடி மேடையேறி எதிர்பாராமல் அவரை முத்தமிட்டாரே, அந்தக் காட்சியில் இருப்பது அந்த உடைதான். உடைக்குக் கிடைத்த விளம்பரம் பெரிது. ஆனால் அந்த முத்தத்தை இன்று யாரும் ரசிக்கும்படியாக இல்லை.

2007 கோல்டன் குளோப் விழாவில் பியான்சே அணிந்த தங்க நிற கவுன். உடம்பை ஒட்டி, மின்னி, கொஞ்சமும் கூச்சம் இல்லாமல்.

2009 ஆஸ்கரில் ஏஞ்சலினா ஜோலி அணிந்தது கருப்பு, தோளில் பட்டை இல்லாதது, வேலைப்பாடே இல்லை. காதில் மட்டும் பெரிய மரகதத் தொங்கல்கள். சாப் என்றாலே மணிவேலை என்று நினைப்பவர்கள் பார்க்க வேண்டியது இதைத்தான். மணியை எல்லாம் எடுத்துவிட்டாலும் வெட்டு நிற்கிறதா என்பதற்கு அதுவே பதில். அதே ஜோலி 2014-இல் நேரெதிராக, உடல் முழுக்க மின்னும் வெளிர் நிற சாப் அணிந்து வந்தார். எனக்கு 2009-தான்.

2011 ஆஸ்கரில் மீலா கூனிஸ் அணிந்த லாவெண்டர் நிறச் சிஃபானும் லேஸும் பலருக்கு நினைவிருக்கும். காற்றில் அலைகிற மாதிரி இருந்தது. அன்று கம்பளத்தில் நின்ற எல்லோரையும் கெட்டித் துணியில் செய்த பொம்மைகளாகக் காட்டிவிட்டது.

ஐஸ்வர்யா ராய் அணிந்திருக்கிறாரா?

அணிந்திருக்கிறார். 2010 கான் திரைப்பட விழாவில் அவர் அணிந்த வெளிர் ஊதா கவுன் சாப்புடையது. நம்மில் பலர் இந்தப் பெயரை முதன்முதலில் கேள்விப்பட்டது அந்தப் புகைப்படத்தின் அடிக்குறிப்பில்தான்.

அரச குடும்பங்கள்?

ராணியாவைச் சொல்லியாயிற்று. இன்னொன்று, 2012 அக்டோபரில் லக்ஸம்பர்க் இளவரசர் கியோமைத் திருமணம் செய்த ஸ்டெஃபானி டி லானோயின் உடை. லேஸின் மேல் வெள்ளி நூலும் முத்தும் படிகமும் வைத்த வேலை. அதற்குப் பிடித்த நேரம் மூவாயிரம் மணிக்கும் மேல். கியோம் 2025 அக்டோபரில் நாட்டின் அரசரான பெருங்கோமகன் ஆகிவிட்டதால் அந்த மணப்பெண் இப்போது பெருங்கோமாட்டி. ஹாலி பெர்ரியின் கவுனுக்கு எதிர்முனையில் நிற்கும் உடை அது. தேவாலயம் கேட்ட அடக்கத்தைக் கொடுத்துவிட்டு, வேலைப்பாட்டில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டார்.

ஓட் கூட்யூர் என்கிறார்களே, அது விலை உயர்ந்த உடைக்கான இன்னொரு பெயரா?

இல்லை. பிரான்சில் அது சட்டப் பாதுகாப்பு உள்ள பெயர், 1945 முதல். அளவெடுத்து, ஒரு வாடிக்கையாளருக்கென்றே தைத்து, அணிவித்துப் பார்த்துத் திருத்தித் தரும் வேலைக்கு மட்டுமே அது பொருந்தும். அந்தப் பெயரைப் பயன்படுத்தும் நிறுவனத்துக்குப் பாரிஸில் தையற்கூடம் வேண்டும், குறைந்தது 15 முழுநேரப் பணியாளர் வேண்டும், ஆண்டுக்கு இருமுறை புதிய தொகுப்பைக் காட்ட வேண்டும். யாருக்கு அந்தப் பெயர் என்பதைப் பிரெஞ்சுத் தொழில்துறை அமைச்சகத்தின் கீழ் உள்ள ஒரு குழு தீர்மானிக்கிறது.

சாப்பின் முதன்மைத் தையற்கூடம் பெய்ரூட்டில். அதனால் அவர் 2006-இல் பெற்றது, பாரிஸின் ஃபேஷன் சம்மேளனம் வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தரும் உறுப்பினர் தகுதி. அர்மானி, வாலன்டினோ போன்ற இத்தாலியப் பெயர்களும் அந்த வரிசையில் வந்தவைதான். பாரிஸுக்கு முழுமையாகக் குடிபெயர்ந்திருந்தால் விதிமுறை எளிதாகியிருக்கும். அவர் கைவினைஞர்களைப் பெய்ரூட்டிலேயே வைத்துக்கொண்டார்.

மணி வேலை எப்படிச் செய்கிறார்கள்?

நம் ஊர் ரவிக்கைக்கு ஆரி வேலை செய்வதைப் பார்த்திருந்தால் பாதி புரிந்துவிடும். துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் குத்தி எடுப்பது. பிரெஞ்சு முறையில் லுனெவில் ஊசி என்பார்கள். அதில் மணியையும் சீக்வினையும் முன்பே நூலில் கோத்துக்கொண்டு துணியின் பின்பக்கத்திலிருந்து வேலை செய்வார்கள். செய்பவருக்கு முன்பக்கம் தெரியாது, விரலால் தடவித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வலைத்துணியில் இது இன்னும் சிரமம். கொஞ்சம் அதிகமாக இழுத்தால் கண்ணி கிழியும். தளர்வாக விட்டால் மணியின் எடை துணியைத் தொங்கவிடும்.

"எல்லா கவுனும் ஒரே மாதிரி இருக்கிறது" என்ற விமர்சனம் நியாயமானதா?

பாதி நியாயம். ஒரு பருவத்தின் தொகுப்பையும் ஐந்து ஆண்டு கழித்து வந்ததையும் பக்கத்தில் வைத்தால் சட்டென வேறுபாடு தெரியாது. அதிர்ச்சி, அரசியல், கேலி எதுவும் இவர் மேடையில் ஏறாது. அதிர்ச்சியூட்டும் காட்சிகளுக்குப் பேர்போன பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் அலெக்ஸாண்டர் மெக்வீனைத் தேடுபவர்கள் இங்கே ஏமாந்து போவார்கள்.

ஆனால் சிவப்புக் கம்பளத்துக்கு வருகிற பெண்ணுக்கு அன்று தேவை பரிசோதனை அல்ல. ஐந்து மணி நேரம் அணிந்து, காரில் உட்கார்ந்து, படியேறி, நூறு கேமராவுக்கு நின்று, மறுநாள் காலை எந்தக் கோணத்திலும் வருத்தப்படாமல் இருக்க வேண்டும். அதற்கு ஒரே விஷயத்தை நாற்பது வருடம் செய்தவரின் கைதான் நம்பகமானது. பாட்டுக் கச்சேரியில் தெரிந்த கீர்த்தனையை யாரும் பழசு என்று குறை சொல்வதில்லை. எப்படிப் பாடினார் என்றுதான் கேட்கிறோம். எனக்கு உள்ள குறை வேறு: சில பருவங்களில் மணிவேலை அளவுக்கு மீறி, உடையை விட மினுக்கம் பெரிதாகிவிடுகிறது.

2020 பெய்ரூட் வெடிவிபத்தில் பாதிக்கப்பட்டாரா?

ஆகஸ்ட் 4 அன்று துறைமுகத்தில் நடந்த வெடிப்பில் நகரின் பெரும்பகுதி சிதைந்தது. கெம்மைசே பகுதியில் இருந்த அவருடைய பழமையான வீடும் பலத்த சேதம் அடைந்தது. இன்னொரு பெரிய லெபனானிய வடிவமைப்பாளரான ஜுஹைர் முராதின் தலைமையகமும் நாசமானது. இருவருமே தொழிலைத் தொடர்ந்தார்கள்.

அந்தச் சிறிய நாட்டிலிருந்து மட்டும் எப்படி இத்தனை கவுன் வடிவமைப்பாளர்கள்?

ஜுஹைர் முராத், ஜார்ஜ் ஹொபேக்கா, ஜார்ஜ் சக்ரா, ராமி காதி என்று பட்டியல் நீளும். திருமணச் சந்தை, கைவேலை தெரிந்த ஆட்கள், பக்கத்திலேயே செல்வம் உள்ள வளைகுடா வாடிக்கையாளர்கள்: மூன்றும் ஒரே இடத்தில் அமைந்தன. ஹாலி பெர்ரியின் இரவுக்குப் பிறகு ஹாலிவுட் ஸ்டைலிஸ்ட்களின் தொலைபேசிப் புத்தகத்தில் பெய்ரூட் எண்களும் ஏறின.

கவுன் மட்டும்தான் வியாபாரமா?

ஓட் கூட்யூர் பெயரைக் கொடுக்கும், பணம் வேறு வழிகளில் வரும். ஆயத்த ஆடை, மணப்பெண் உடை, காலணி, பை, 2011-இல் வந்த வாசனைத் திரவியம் (ஃபிரான்சிஸ் குர்க்ஜான் உருவாக்கியது, ஆரஞ்சுப் பூவும் மல்லிகையும்), அறைக்கலன்கள், துபாயில் அவர் பெயரில் குடியிருப்பு. நிறுவனத்தின் நிர்வாகத்தைப் பார்ப்பவர் மூத்த மகன் எலீ சாப் ஜூனியர்.

2024 ரியாத் நிகழ்ச்சி பற்றி ஏன் அவ்வளவு பேச்சு?

தொழிலில் 45 ஆண்டு நிறைவு என்று சொல்லி (1982-இல் கடை திறந்ததிலிருந்து எண்ணினால் 42) நவம்பரில் நடந்தது. 300 உடைகள், செலின் டியான், ஜெனிஃபர் லோபஸ் கச்சேரி. ஹாலி பெர்ரி 2002 கவுனை மறுபடியும் அணிந்து மேடையில் நடந்தார். பிரம்மாண்டம் என்ற பெயரில் சற்று அதிகம்தான். ஆனால் 22 ஆண்டு பழைய அந்த உடை, அன்று புதிதாக வந்த பலவற்றைவிட நன்றாக இருந்தது.

இவருடைய வேலையைப் பார்க்கத் தொடங்க எது நல்ல வழி?

ஜனவரியிலும் ஜூலையிலும் பாரிஸில் நடக்கும் ஓட் கூட்யூர் காட்சிகளின் காணொலிகளைப் பாருங்கள், புகைப்படத்தை அல்ல. புகைப்படத்தில் எல்லா மணிவேலையும் ஒன்றுபோலத்தான் மின்னும். காணொலியில், மாடல் திரும்பிப் போகும்போது முதுகுப் பக்கத்தைக் கவனியுங்கள்: முன்னால் இருக்கும் கொடி பின்னால் எங்கே போய் முடிகிறது, ஜிப் எங்கே ஒளிந்திருக்கிறது, நடக்கும்போது பாவாடை காலில் சிக்குகிறதா, இல்லையா.